போண்டாவுக்குச் செய்த நண்டுப் பெட்டி

அந்தமான் தீவிலிருந்து யாராவது மெயின்லேண்டுக்குக் கிளம்பினால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு சாமான் சொல்லி அனுப்புவார்கள். ஒருவருக்கு வடுமாங்காய், ஒருவருக்கு ஆட்டுக்கல் குழவி, ஒருவருக்கு இங்கே கிடைக்காத ஏதோ ஒரு மூட்டுவலித் தைலம். இந்த ஜனவரியில் நான் கிளம்பியபோது யாருடைய சாமானையும் ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பும்போது என் காலடியில் ஒரு நாய் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு ஊசி சுமக்கவும் எனக்கு மனசு இல்லை.

நாய் என் அக்கா தேவகியுடையது. அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எர்ணாவூர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். நாயின் பெயர் போண்டா. பக் ஜாதி, சப்பை மூஞ்சி, உருண்டை உடம்பு. ஒன்பது வயது முடிந்துவிட்டது. சென்ற ஐப்பசியில் இருந்தே அவனுக்கு மூச்சு வாங்குகிறது. திருவொற்றியூரில் ஒரு கால்நடை டாக்டரம்மா பார்த்துவிட்டு, இந்தச் சாம்பல் காற்றிலும் அடுத்த கோடையிலும் இவன் தாங்க மாட்டான், புகை இல்லாத ஊரில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா என் பெயரைச் சொல்லிவிட்டாள். போர்ட் பிளேரில் எனக்குத் தனி வீடு, தோட்டம், கடல்காற்று. மறுக்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால் நான் எதையும் படித்துப் பார்க்காமல் செய்கிறவன் இல்லை. படித்தேன். நாய்க்கு உடம்பில் வியர்க்காது. வேகமாக மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியே பாதி அடைத்திருக்கிறது. அதனால்தான் பல விமானங்கள் இந்த ஜாதியைச் சரக்கு அறையில் ஏற்ற மறுக்கின்றன. நல்ல மூச்சுக்காக அனுப்பப்படுகிற நாய், அந்த மூச்சைப் பயணத்திலேயே தொலைத்துவிடலாம். இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் குறைந்துபோனது.

போகிக்கு முந்தைய வியாழக்கிழமை மீனம்பாக்கத்தில் இறங்கினேன். இப்போது விமான நிலைய வாசலிலேயே மெட்ரோ ரயிலில் ஏறினால் விம்கோ நகரில் இறங்கலாம். ஊரின் தென்கோடியில் இருந்து வடகோடிக்குக் குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்தபடியே வந்துவிட்டேன். நான் வேலைக்காகத் தீவுக்குப் போன காலத்தில் இதே தூரத்துக்கு இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு டீயும் குடிப்போம். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் எனக்கு எதிரே நின்ற இருவர் இந்தியில் பேசிக்கொண்டார்கள். தீவில் இந்தி இல்லாமல் காய்கறி வாங்க முடியாது என்பதால் காது தானாகப் போனது. ஒருவன் ஊருக்குப் புதியவன் போலிருக்கிறது. மற்றவன் அவனிடம், "இறங்கினதும் மூக்கில் துணி கட்டிக்கொள். முதல் வாரம் இருமுவாய். அப்புறம் உடம்புக்குப் பழகிவிடும்" என்றான். பழகாத உடம்புகளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

விம்கோ நகரில் நான் ஏறிய ஷேர் ஆட்டோ, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நின்று, பிறகு மூச்சை நிறுத்தியது. டிரைவர் இறங்கி அதை ஒரு உதை உதைத்துவிட்டு, மிச்ச தூரத்தை நடந்து போகும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார். நடந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். அது சாம்பல் நிறமானது. போண்டாவின் மூக்கு தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அவன் என்னை வாசலில் வந்து பார்த்தான். முகம் கரி, உடம்பு வறுத்த ரவை நிறம். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் ஏதோ அறுபடுவது போல ஒரு ஓசை. வாலை ஆட்ட நினைத்து, பாதியில் களைத்து, உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தியா, உன்ன அடையாளம் தெரிஞ்சிகினான்" என்றாள் அக்கா. அவன் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

விமானத்துக்கான மருத்துவச் சான்றில் வயது எழுத வேண்டும். அதில் வீட்டில் தகராறு. அக்கா, வர்தா புயலில் வந்த குட்டி என்றாள். அவள் கணவர் எத்திராஜ் மாமா, இல்லை, பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாமல் போன சமயம் என்றார். இரண்டும் ஒரே குளிர்காலத்தில் அடுத்தடுத்து வந்தவை என்று நான் விளக்கினேன். மரங்கள் விழுந்து கிடந்த வாரத்தில்தான் அக்கா எனக்குப் போன் செய்து ஒரு குரங்குமூஞ்சி நாய் வந்திருப்பதாகச் சொன்னாள். மாமா வேலை செய்யும் நண்டுக் கொட்டகையின் முதலாளி மகன் வெளிநாடு கிளம்பும்போது விட்டுப்போனது. மாமா அதை ஒரு நண்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ரெண்டு வயசு கொறச்சி எழுது மச்சான், எவன் பல்ல எண்ணப் போறான்" என்றார் மாமா. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை மாமா கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். அதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

மாமாவின் தொழிலைச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், உயிர் நண்டுகளை விமானத்தில் வெளிநாடு அனுப்பும் ஒரு கொட்டகையில் பெட்டி கட்டுகிறவர். பெரிய சேற்று நண்டுகள். எங்கள் அந்தமான் சதுப்புக் காடுகளில் பிடித்தவைகூட அங்கே வந்து, மறுபடி பெட்டி மாறி, சிங்கப்பூர் போகின்றன. இந்த வேலையில் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. போண்டாவுக்கான பெட்டியை அவர் தன் கையால், ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்திருந்தார். வெளியே ஒட்டுப்பலகை, உள்ளே தெர்மோகோல். அடியில் கோணிச்சாக்கு மெத்தை, அதை நனைத்துப் பிழிந்து போட வேண்டும். நான்கு மூலையிலும் செய்தித்தாளில் சுற்றிய ஐஸ் பை வைக்க இடம். பக்கங்களில் விரல் நுழையும் அளவுக்கு ஒன்றிரண்டு ஓட்டை. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. விமான நிலையச் சரக்குப் பகுதியில் அவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம். பக் என்று எழுதாமல் நாட்டு நாய் என்று எழுதி ஏற்றிவிடுவாராம்.

விமானத்தில் என் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நிறுவனம் அதற்கு அனுமதிக்கிறது. ஆனால் பையோடு சேர்த்துப் பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. போண்டா தாண்டுவான் என்பது பார்த்தாலே தெரிந்தது. அதைச் சொன்னதும் மாமா பெட்டியைத் தட்டிக்காட்டினார்.

"உங்க ஊரு நண்டு ஏரோப்ளேன்ல இங்க வருது. எங்க வூட்டு நாய் அங்க போவாதா? நா கட்ன பொட்டில போயி, அந்தாண்ட தொறந்தா கண்ண உருட்டிகினு பாக்கும் மச்சான்."

ஓட்டை போதாதே என்றேன். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காற்று அதிகம் போனால் நண்டு காய்ந்து செத்துவிடும்; இருட்டும் ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் நாள்கணக்கில் கிடக்கும்; தொழிலுக்கு வரும் புதுப் பையன்கள் செய்யும் முதல் தப்பே ஓட்டை அதிகமாகப் போடுவதுதான். நான் படித்ததெல்லாம் வேறு மாதிரி சொன்னது. ஆனால் ஐஸ் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, சூடுதானே எமன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிரில் இருந்தது ஒரு மாத உழைப்பு. அக்காவும் அந்தக் கோணி மெத்தைக்குத் தன் பழைய புடவையில் உறை தைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாமாவோடு ராயபுரம் போனேன். கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொடுக்குகள் சணலால் கட்டப்பட்ட நண்டுகள் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று, வாயில் நுரை கட்டிக்கொண்டு கிடந்தன. ஒருவர் என்னிடம், தீவில் இந்த நண்டை என்ன விலைக்குத் தின்கிறீர்கள் என்று விசாரித்தார். நாங்கள் நண்டைவிட மீன்தான் அதிகம் தின்கிறோம் என்றேன்; அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். மதியம் மாமா அத்தோ வாங்கிக் கொடுத்தார். பர்மாவில் இருந்து திரும்பி வந்தவர்கள் இங்கே கொண்டுவந்த நூடுல்ஸ். பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், முட்டை. வரைபடத்தில் பார்த்தால் பர்மா எங்கள் தீவுக்குத்தான் பக்கம். ஆனால் நல்ல அத்தோ தின்ன நான் கடல் தாண்டி இங்கே வர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் போண்டாவை நினைக்கவில்லை.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரிப் பெட்டி எதையும் நேரே விமானத்துக்கு அனுப்புவதில்லை. முதலில் ஒன்றைக் கட்டி, பயணம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் மூலையில் வைத்துவிட்டு, பிரித்துப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம் என்று அதற்குப் பெயர். போண்டாவுக்கும் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்றார் மாமா. அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. வீட்டிலேயே, நாம் பக்கத்திலேயே இருக்கும்போது, பார்த்துவிடலாமே.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், மாமா சாக்கை நனைத்துப் பிழிந்து போட்டார். ஐஸ் பைகளை வைத்தார். அக்கா ஒரு துண்டு பிஸ்கட்டைக் காட்ட, போண்டா தானே உள்ளே போய்ச் சுற்றிப் படுத்தான். மூடியைப் போட்டார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில், ஓட்டைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அவனுடைய வழக்கமான அறுப்பு ஓசை கேட்டது. பிறகு அது வேகம் பிடித்தது. பயம்தான், அடங்கிவிடும் என்றார் மாமா. நண்டும் முதலில் கொஞ்சம் கால் உதைக்குமாம். ஓசை இன்னும் வேகமாகியது. பிறகு ஈரத்துணியை யாரோ உறிஞ்சுவது போல மாறியது. ஓட்டையில் கை வைத்தேன். உள்ளே இருந்து வந்த காற்று குளிராக இல்லை. சாதம் வடிக்கும் பானையின் மூடியைத் திறந்தால் கையில் அடிக்குமே, அந்த ஆவி.

"தொறங்க மாமா."

"இன்னும் பத்து நிமிசம்கூட ஆவலியே."

அக்கா எழுந்து வந்து மூடியை இழுத்து எறிந்தாள்.

போண்டா நின்றுகொண்டிருந்தான். நான்கு காலையும் அகட்டி, கழுத்தை நீட்டி, கண்கள் பிதுங்கி. பெட்டியின் உட்பக்கம் முழுக்க நீர்முத்துகள். நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. அது சிவப்பாக இல்லை. நாவல்பழம் தின்ற குழந்தையின் நாக்கு மாதிரி இருந்தது.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மாமா அவனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடிப் படியையும் இறங்கினார். கீழ்வீட்டு பாத்திமா அக்கா தன் மகனின் ஆட்டோவைக் கிளப்பச் சொன்னார். நான் வழியெல்லாம் தண்ணீர் பாட்டிலில் இருந்து அவன் வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றினேன், அக்கா முந்தானையால் விசிறினாள். ஒரு லாரி வழிவிடாமல் நின்றபோது மாமா தலையை வெளியே நீட்டி, அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொன்னார். லாரி நகர்ந்தது.

டாக்டரம்மா ஆக்ஸிஜன் வைத்தார். நாக்கு மெல்ல நிறம் திரும்பியது. அதன்பிறகே என்ன ஆனது என்று கேட்டார். மாமா சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, சாக்கு, ஐஸ், ஓட்டையின் அளவு, எல்லாம். சின்ன வயசுதான் அந்த டாக்டருக்கு. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் இருந்து எடுத்துவிட்டு, தணிந்த குரலில் விளக்கினார்.

"நண்டுக்கு ஈரம்தான் உயிர் சார். செவுள்ல ஈரம் இருந்தா மூச்சு விடும். இவன் நாக்குல இருக்கற ஈரம் காத்துல காயணும், அப்பதான் சூடு வெளிய போகும். நீங்க பெட்டிய ஏற்கெனவே ஈரத்தால நிரப்பிட்டீங்க. அவன் விட்ட மூச்சு போக வழியில்ல. எவ்வளவு ஐஸ் வெச்சாலும் அவனுக்கு அது அடுப்புதான்."

மாமா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "மேல ஏரோப்ளேன்ல வெச்சி இது ஆயிருந்தா?" என்று கேட்டார். டாக்டர் போண்டாவின் காதைத் தடவினார்.

அவர் சொன்ன மற்றவை இவை: சரக்கு அறை என்ற பேச்சே கூடாது. ஜாதியை மாற்றி எழுதுவது அவனைக் கொல்வதற்குச் சமம். தூக்க மருந்து கொடுக்கவே கூடாது. தொண்டைச் சதை தளர்ந்து வழி அடைத்துக்கொள்ளும். எல்லாப் பக்கமும் வலை வைத்த மெல்லிய பையில், அவன் எழுந்து திரும்பும் அளவுக்கு இடம் விட்டு, பயணிகளோடுதான் போக வேண்டும். அதிகாலை விமானம். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே லேசான சாப்பாடு, அதற்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் மட்டும். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பில் மாட்டும் பட்டை. எடை குறைய வேண்டும். அது விமானத்துக்காக மட்டும் இல்லை, கழுத்துக் கொழுப்பே அவன் மூச்சுக்குழாயை நெருக்குகிறது. பொங்கல் கழித்து மறுபடி பார்த்து, நுரையீரல் தெளிவாக இருந்தால்தான் சான்று தருவேன் என்றார். இல்லாவிட்டால் இல்லை.

வெளியே வந்ததும் மாமா அந்தச் சரக்குப் பகுதி ஆளுக்குப் போன் போட்டார். "வேணாம்பா. பொட்டி போவல" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் கட்டிலுக்கடியில் பெட்டி இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எடையைப் பற்றியவை. போண்டா தன் வீட்டில் மட்டும் சாப்பிடுகிறவன் இல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தரைத்தளத்தில் ஒரு வீட்டில் இட்லி. முதல் மாடியில் வறுத்த மீன் தலை. பாத்திமா அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் எலும்பு. காலையில் மாமா அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே கதவுகள் திறந்தன. மாமா ஒரு அட்டையில் "எனக்கு சோறு போடாதீங்க, மூச்சு முட்டும்" என்று எழுதி அவன் முதுகுப் பட்டையில் செருகினார். பாத்திமா அக்கா அதைப் படித்துவிட்டு, "இவுரு பொட்டில வெச்சி அவிச்சாரு, இப்ப பட்டினி போட்டு காயவெக்கிறாரா" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். மாமா சிரித்தார். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது, "அவ சொன்னது நெசந்தான?" என்று என்னைக் கேட்டார். வெள்ளோட்டம் பார்த்ததால்தானே பிழைத்தான் என்று நான் சொன்னேன். அதுவும் நிஜம்தான். அவருக்கு அது போதவில்லை.

போகியன்று விடிவதற்கு முன்பே புகை வந்துவிட்டது. பாய், டயர், பழைய தலையணை. தீவில் நாங்கள் ஒரு முறத்தையும் துடைப்பத்தையும் கொளுத்திவிட்டு முடித்துக்கொள்வோம். இங்கே தெருவுக்குத் தெரு போட்டி. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகி, போண்டாவை உள்ளறையில் வைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, நாங்கள் மூவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். செய்தியில் விமானங்கள் தாமதம் என்றார்கள். புகையில் ஓடுபாதை தெரியவில்லையாம். அவன் இருமினான். ஒவ்வொரு இருமலுக்கும் அக்காவின் உடம்பு அசைந்தது. பொங்கலன்று ஊரே சர்க்கரைப் பொங்கல் தின்றபோது அவனுக்கு வேகவைத்த பூசணிக்காய். அவன் அக்காவைப் பார்த்த பார்வையில் அவள் தன் தட்டையும் நகர்த்தி வைத்துவிட்டாள்.

காணும் பொங்கலன்று டாக்டரம்மா விடுமுறையிலும் வரச்சொன்னார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். எடை பார்த்தார். பையைச் சேர்த்து மயிரிழையில் பத்து கிலோவுக்கு உள்ளே இருந்தது. சான்றில் கையெழுத்திடும் முன், "வாய்ப்பு நல்லாயிருக்கு. உத்தரவாதம் இல்ல" என்றார். அதைத் தாளிலும் எழுதித் தந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து விமான நிறுவனத்தின் ஒப்புதல் தாளை நிரப்பினேன். சப்பை மூக்கு ஜாதிகளுக்கு ஒரு தனிப் பத்தி இருந்தது. வழியில் நாய்க்கு என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல. அக்கா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"அப்ப இன்னாத்துக்கு அவனுக்கு டிக்கெட்டு?" என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. போண்டா அவள் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தான்.

"சேகரு, நெசத்த சொல்லு. இங்கியே கெடந்தா எத்தினி நாளு?"

"தெரியலக்கா. இந்த வெயில் காலத்த தாண்ட மாட்டான்னு டாக்டர் சொல்றாங்க."

"ஏரோப்ளேன்ல?"

"ரெண்டு மணி நேரம் தாங்கிட்டான்னா பொழச்சான்."

அவள் வெகுநேரம் அவன் காதை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பயம், அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று. இன்னொரு பயம், சரி என்று சொல்லிவிடுவாளோ என்று.

"கையெழுத்த போட்ரு" என்றாள். போட்டேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் வாடகைக் காரில் கிளம்பினோம். குளிர்சாதனம் உள்ள கார் என்று இரண்டு முறை உறுதி செய்திருந்தேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் அது வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. டிரைவர் அதன் முகத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "நேத்து நல்லா இருந்திச்சி சார்" என்றார். முன்னாலும் பின்னாலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை. மூடினால் புழுக்கம். போண்டாவின் மூச்சு வேகம் பிடித்தது. எனக்கு வெள்ளோட்ட நாளின் ஓசை காதில் வந்துவிட்டது. மாமா கதவைத் திறந்து இறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரி வரிசையோடு நடந்து, ஒவ்வொரு டிரைவரிடமும் என்னவோ சொன்னார். அவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது. மீதிப் பேருக்கு அவர் கையை ஆட்டிய விதம் புரிந்தது. ஒரு கார் நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. கடற்கரைச் சாலையில் ஜன்னல்களைத் திறந்ததும் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. மூச்சு இறங்கியது. நாங்களும் இறங்கினோம், அதாவது எங்கள் தோள்கள்.

விமான நிலைய வாசலில் டிக்கெட் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. அக்கா பையின் வலையில் நெற்றியை வைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்க முயலவும் இல்லை. மாமா போண்டாவைத் தொடவில்லை. ஜிப்பை மட்டும் ஒருமுறை சரிபார்த்தார், வலையில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே எடைமேடையில் எண் நின்றபோது நான் கண்ணை மூடியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "சரியா இருக்கு அங்கிள், கண்ணைத் திறங்க" என்றாள். பாதுகாப்புச் சோதனையில் பையை எந்திரத்தில் விட்டு, அவனைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். காவலர் ஒருவர் அவன் மூஞ்சியை உற்றுப்பார்த்து, "கதவுல இடிச்சிக்கிட்டானா?" என்றார்.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு வங்காள அம்மாள். தீவின் வடக்கே டிக்லிபூருக்குப் போகிறவர். காலடியில் இருந்து வந்த ஓசையைக் கேட்டு, தன் மகளிடம் வங்காளத்தில், "இந்த ஆள் பன்றிக்குட்டி கொண்டுபோகிறான்" என்றார். தீவில் வங்காளமும் ஓரளவு காதில் விழுந்து பழகும். நாய்தான், வயசானது, மூச்சுக் கோளாறு என்று இந்தியில் சொன்னேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. மேலே கை நீட்டி, தன் தலைக்கு மேல் இருந்த காற்றுக் குழாயைக் கீழ்நோக்கித் திருப்பினார். மகளுடையதையும் திருப்பச் சொன்னார். மூன்று குழாயின் காற்றும் என் காலடிக்கு வந்தது. அந்த அம்மாள் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, பயணம் முழுக்கக் குளிரில் உட்கார்ந்திருந்தார்.

மேலே ஏறும்போது அவன் மூச்சு வாங்கினான். பையைத் திறக்கக் கூடாது என்று விதி. வலைமேல் விரல்களை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். பணிப்பெண் வந்து நிமிரச் சொன்னாள். நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். எந்திர இரைச்சலில் அவன் ஓசையைப் பிரித்துக் கேட்பது கஷ்டமாக இருந்தது. கடல்மேல் எங்கோ ஒரு இடத்தில் அது கேட்கவே இல்லை. இருட்டில் கரிய மூஞ்சி, ஒன்றும் தெரியவில்லை. வலையை அழுத்தினேன். அசைவில்லை. பெயரைச் சொன்னேன். அக்காவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று மனசு அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது. அப்போது விரல்நுனியில் ஏதோ பட்டது. வெதுவெதுப்பாக, விட்டுவிட்டு. அது அவன் மூச்சு. நிறுத்திவிடுவானோ என்று விரலை அங்கேயே வைத்திருந்தேன். இறங்கும் வரை எடுக்கவில்லை, கை மரத்துப்போய்விட்டது.

போர்ட் பிளேரில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளியே வந்து ஒரு மரத்தடியில் பையை வைத்துத் திறந்தேன். போண்டா மெல்ல வெளியே வந்தான். ஈரப் புல்லில் நின்று, மூக்கை உயர்த்தி, ஊரைப் பார்த்தான். தண்ணீர் ஊற்றினேன், கொஞ்சம் குடித்தான். நாக்கு சிவப்பாக இருந்தது.

போனை எடுப்பதற்குள் அது அடித்தது. மாமா. பின்னால் கொட்டகையின் ரேடியோவும் தராசுச் சத்தமும் கேட்டன. அவர்கள் தொழிலில், பெட்டி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தில் பிரித்துப் பார்க்கிறவரிடம் நலம் எல்லாம் விசாரிப்பதில்லை. உயிரோடு இருப்பவை எத்தனை என்று மட்டும்தான் கேட்பார்கள். மாமாவுக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

"எத்தினி?" என்றார்.

"ஒண்ணு மாமா."

அந்தப் பக்கம் யாரோ அடுத்த பெட்டியைத் தூக்க அவரைக் கூப்பிட்டார்கள். "இரு, வரேன்" என்று அவர்களுக்குச் சொன்னார். போனை வைக்கவில்லை. நான் அதை போண்டாவின் மூஞ்சிக்குப் பக்கத்தில் பிடித்தேன்; அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.